வெயிலுக்கான மெழுகு

செப். 8, திங்கள்

விடிந்ததிலிருந்து மூட்டம். முற்றத்துக்கு எதிரில் இருக்கும் மிளகுக் கொடிகூடத் தெரியவில்லை. காட்டேஜ் போர்வைகள் சனிக்கிழமை துவைத்தவை, இன்னும் ஈரம். ஆள் வந்தால் ஈரப் போர்வையில்தான் படுக்க வேண்டும். படுக்கட்டும்.

செய்ய வேண்டியவை: கேஸ் சிலிண்டருக்குச் சொல்ல. கொட்டாயில் ஒழுகும் இடத்துக்குத் தகரம். வீணை.

கடைசியாக எழுதியதுதான் இன்றைய அதிசயம். பரணிலிருந்து வீணையை இறக்கச் சொல்லிவிட்டார் இவர். காட்டேஜில் தங்கிய சென்னைக்காரர் ஒருவர் சுடுதண்ணீர் கேட்டு வீட்டுக்குள் வந்தவர், அண்ணாந்து பார்த்துவிட்டு, "சார், இது ஒரே மரத்துல குடைஞ்ச வீணை சார். இப்பல்லாம் கிடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதிலிருந்து இவருக்குப் பாசம் பொங்குகிறது. என் கல்யாணத்தில் என்னோடு வந்த வீணை. அது என்ன மரம் என்று இத்தனை வருஷத்தில் இவர் கேட்டதில்லை. பலா மரம். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

"ஏம் புள்ள, உங்கப்பங் கடையில பழகுனவதான நீ. சரி பண்ணிப் போடு. ரிசப்சன்ல வெச்சா வாரவங்க அசந்து போயிருவாங்க."

அப்பா ராசிபுரத்தில் வாத்தியக் கடை வைத்திருந்தார். பங்கு நிலத்தை விற்றுக் கடை போட்டதால் எங்கள் உறவில் அவருக்குப் பைத்தியம் என்று பெயர். ரிப்பேருக்கு வந்து, திரும்ப வாங்க யாரும் வராமலே நின்றுபோன வீணை இது. அப்போதே கிழவி. இதில்தான் வாசிக்கக் கற்றேன், இதில்தான் ரிப்பேரும் கற்றேன்.

ஒன்றே ஒன்று கேட்டேன். சரி பண்ணினால் விஜயதசமியன்று நான் வாசிப்பேன் என்று.

"வாசி. யாரு வேண்டாங்கறா" என்றார், போனைப் பார்த்தபடி.

செப். 9, செவ்வாய்

மழை இல்லை, தூறல்கூட இல்லை, சும்மா ஈரம். வீணையைக் கூடத்து ஓரத்தில் பழைய மெத்தைமேல் கிடத்திப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்த ஆளைப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாக.

தண்டி, அதாவது நீளக் கழுத்து: வளையவில்லை. நம்பவே முடியவில்லை.

குடத்தின் மேல்பலகை: ஓரத்தில் பசை விட்டிருக்கிறது. நகம் நுழைகிறது.

யாளி முகம்: ஒரு காது போயிற்று.

தந்தி முறுக்கும் பிரடைகள்: ஒன்று முறிவு. மற்றவை இறுகிக் கிடக்கின்றன.

தந்தியை அழுத்தும் பித்தளை மெட்டு இருபத்து நாலும் இருக்கின்றன, பாதி சாய்ந்து. அடியில் இருந்த மெழுகை எலி தின்றிருக்கிறது. தேன்மெழுகு அல்லவா, இனித்திருக்கும்.

சுரைக்குடுக்கை: இல்லை.

குடுக்கை எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் மாமியார் அதைத் திருகிக் கழற்றிச் சாமை விதை போட்டு அடுப்புக்கு மேலே தொங்கவிட்டார். கேட்டதற்கு, "சும்மா தொங்கீட்டுத்தான இருந்துச்சு" என்றார். அப்புறம் ஒருநாள் அது விழுந்து உடைந்தது. விதையைத்தான் பொறுக்கினார்கள்.

செத்தவர்களைத் திட்டக் கூடாது. திட்டவில்லை. எழுதி மட்டும் வைக்கிறேன்.

செப். 12, வெள்ளி

வெளிச்சம் கொஞ்சம் பரவாயில்லை. அழுக்கு எடுக்கத் தொடங்கினேன்.

இந்த வீட்டில் வீணைக்கு வருஷத்துக்கு ஒருநாள் மரியாதை உண்டு. சரஸ்வதி பூஜையன்று பரணிலிருந்து இறங்கும். கொத்து, அரிவாள், மருந்தடிக்கும் மிஷின், மோட்டார், ஜீப், அதற்கப்புறம் வீணை. எல்லாவற்றுக்கும் சந்தனம் குழைத்துக் குங்குமப் பொட்டு. பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது, மறுநாள் விஜயதசமியன்று எடுத்து அதனதன் வேலையைத் தொடங்க வேண்டும். அதுதான் முறை. மறுநாள் கொத்து காட்டுக்குப் போகும். ஜீப் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கும். வீணை பரணுக்கு ஏறும். முதல் வருஷம் நான் எடுத்து மடியில் வைத்தேன். "ஊட்டுக்கு வந்த மருமவ வாசிச்சா, கச்சேரிக்காரி ஊடும்பாங்க சாமி" என்றார் மாமியார், கோபமே இல்லாமல். இவர் அப்போதும் பக்கத்தில்தான் நின்றார். அப்போது போன்கூட இல்லை, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பொட்டுகள் குடத்தில் மூன்று இடத்தில் வில்லை வில்லையாய் ஏறிக் கிடக்கின்றன. தண்ணீர் பட்டால் மரம் குடித்துவிடும். எண்ணெய் கூடாது. அப்பா இதற்கு எச்சில்தான் போடுவார். பஞ்சை நாக்கில் தொட்டு, ஒரு தேய், பஞ்சை மாற்று, மறுபடி. அசிங்கம்தான், ஆனால் அதைப்போல் மென்மையாக எதுவும் அழுக்கை எடுக்காது. காலை முழுக்க வாய் காய்ந்துபோனது.

இவர் பார்த்துவிட்டார்.

"ஏம் புள்ள, சாமிக்கு வெக்கற சாமானத்த எச்சப் பண்றயே."

"இது சாமி இல்லீங்க, வீணைங்க."

"அதுக்குன்னு துப்பறதா? பெயிண்டுக் கடையில சொன்னா பளபளன்னு ஒரு வார்னிசு அடிச்சுத் தருவான்."

"அடிச்சா ஊமை ஆயிரும்."

"ரிசப்சன்ல பேசவா போவுது" என்று சிரித்துக்கொண்டே போனார்.

பொட்டுக்கு அடியில் மரம் தேன் நிறத்தில் அப்படியே இருக்கிறது. மற்ற இடமெல்லாம் அடுப்புப் புகையில் கறுத்தாயிற்று. இரண்டு பொட்டை எடுத்தேன். மூன்றாவதை விட்டுவிட்டேன். நடந்தது நடந்ததுதானே, எல்லாவற்றையும் துடைத்து யாருக்கு நல்லவளாக வேண்டும்.

செப். 15, திங்கள்

காட்டேஜில் ஆள். காலைப் பலகாரம் இட்லி, தக்காளிச் சட்னி. "மலைத் தேன் ஒரிஜினலா?" என்று கேட்டார்கள். உங்கள் நாக்கு ஒரிஜினலா என்று கேட்கத் தோன்றியது. சிரித்துவைத்தேன்.

சின்னப்பொண்ணு மெழுகு கொண்டுவந்தாள். இதே மலையில் குண்டூர் நாட்டுக்காரி, தனக்கென்று சாமைக் காடும் மரவள்ளியும் உண்டு, காட்டில் வேலை இல்லாத நாளில் காட்டேஜ் சமையலுக்கு வருவாள். அவள் வீட்டுக்காரர் தேன் எடுப்பவர். பிழிந்த அடையை உருக்கி உருண்டை பிடித்துக் கொடுத்திருக்கிறார். நல்ல மெழுகு, மூக்கில் வைத்தால் பூ வாசம்.

வீணையைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"ஏனுங்க அக்கா, இது வாசிக்கறதுங்களா, கும்புடறதுங்களா?"

"ரெண்டும் பண்றாப்பல இல்லாமத்தான் கெடந்துச்சு."

"இங்க என்னமோ கொறையுதுங்களே."

யாளி முகத்துக்குப் பக்கத்தில் தண்டிக்கு அடியில் குடுக்கை மாட்டும் இடத்தைக் கைவைத்துக் காட்டினாள். சொன்னேன். கேட்டுக்கொண்டு போனவள், மத்தியானம் இட்லிப் பானையோடு ஒரு குடுக்கையையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் வீட்டு விதைக் குடுக்கை. அடுப்புக்கு மேலே வருஷக்கணக்காகக் காய்ந்து வெண்கலம்போல் இருக்கிறது. தட்டினால் கணீர். உள்ளே இருந்த சாமையைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டாளாம்.

"விதைக்கு வேணுமே சின்னப்பொண்ணு."

"உங்க குடுக்கையில வெத போட்டாங்க, எங்க குடுக்கையில நீங்க பாட்டுப் போடுங்க" என்றாள்.

உடைத்தது என் மாமியார், ஈடு கட்டுகிறவள் இவள். அளவு சரியாக இருக்கிறது. கழுத்தை மட்டும் அறுத்துத் தேய்க்க வேண்டும்.

செப். 18, வியாழன்

அதிசயமாக வெயில். விட்டால் போய்விடும் என்று வஜ்ஜிரப் பசை காய்ச்சி, எழும்பிய பலகையை ஒட்டி, துணிப்பட்டை சுற்றி, அதன்மேல் அம்மிக்குழவி. பசை நாற்றம் வீடு முழுக்க. ரொம்ப நாளைக்கப்புறம் அப்பா கடை வாசனை. சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதிவைக்கிறேன், ஏனென்றால் அது மத்தியானம் வரைதான் இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே இவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். சிக்னல் அந்த மூலையில்தான் வரும், அதனால் இந்த வீட்டில் ரகசியம் பேச வழியில்லை.

"ஆமாங்க சார்... மேடத்துக்கு வீணைன்னா உசுருன்னு சொன்னீங்கல்லோ... ஊட்லயே பழய வீண ஒண்ணு இருக்குதுங்க, ஒரே மரத்துல செஞ்சது... ரெடி ஆயிட்டிருக்குதுங்க சார்... விசயதசமி நல்ல நாளுங்க, நானே கொண்டாந்து குடுத்துட்டு வாரனுங்க."

காட்டேஜுக்கு இன்னும் அனுமதி வரவில்லை. கோப்பு கீழே ஓர் அலுவலகத்தில் படுத்துக் கிடக்கிறது. கோப்பைத் தட்டி எழுப்புகிற அதிகாரியின் மனைவிதான் மேடம்.

பசைச் சட்டி கையில் இருந்தது. ஆறிக் கட்டியாகும்வரை அப்படியே நின்றிருக்கிறேன்.

செப். 19, வெள்ளி

மறுபடியும் மூட்டம். நேற்று வாய் வரவில்லை. இன்று காலை காபி கொடுக்கும்போது கேட்டேன்.

"ஏனுங்க, வீணய யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"கேட்டுட்டயா? நானே சொல்லோணும்னுதான் இருந்தேன்."

"என்ற வீணைங்க அது."

"உன்றதுதான், யாரு இல்லீன்னா? இந்தக் காட்டேஜு மட்டும் யாருக்கு? நமக்குத்தான. ஒரு வீணையில காரியம் முடியுதுன்னா நல்லதுதான புள்ள."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கோணும்னு தோணலீங்களா?"

அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். திட்டமிட்டு ஏமாற்றியிருந்தால்கூட என்னை ஓர் ஆளாக நினைத்திருக்கிறார் என்று ஆகியிருக்கும். காபியை ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இப்ப நீ என்ன, வாசிக்கவா போற?"

அடுப்பில் பால் பொங்கியது. போய் இறக்கினேன்.

மத்தியானம் கோயம்புத்தூரிலிருந்து மகள் கவிதா போன். இவர் அவளுக்கு முன்னாடியே சொல்லியிருக்கிறார். "அம்மா, அப்பா சொல்றதுலயும் ஞாயம் இருக்குதுல்ல? உனக்கு வேணும்னா ஆன்லைன்ல ஒண்ணு புக் பண்ணி விடறேன். பைபர்ல வருது, லேசா இருக்கும், தொடச்சு வெச்சுக்கலாம்."

"தொடச்சு வெக்கறதுக்கு அது குக்கரா கண்ணு?"

"உனக்கு எது சொன்னாலும் கோவம்" என்று வைத்துவிட்டாள். அவளுக்குச் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்திருக்கலாம். வீணை பரணில் இருந்தது.

செப். 22, திங்கள்

நவராத்திரி ஆரம்பம். கொலு வைக்கும் வழக்கம் இந்த வீட்டில் இல்லை. நல்லது, படி கட்டுகிற வேலை மிச்சம்.

வியாழக்கிழமைக்குப் பிறகு வீணையைத் தொடவில்லை. துணிப்பட்டையும் குழவியும் அப்படியே. அம்மியில் அரைக்க முடியாமல் மிக்ஸியில் அரைத்தேன். இவர் போகும்போதும் வரும்போதும் ஒரு பார்வை பார்க்கிறார். "எப்ப முடியும்?" என்று கேட்க வாய் வருவதும் அடங்குவதும் தெரிகிறது. கேட்கட்டும் என்று காத்திருக்கிறேன். கேட்கமாட்டார். என் கோபம் தானாக வடியும் என்று அவருக்குத் தெரியும். எப்போதும் வடிந்திருக்கிறதே.

செய்யாமல் போட்டுவிட்டால் என்ன? பாதியில் விட்டால் என்ன? அப்படியே தூக்கிக்கொண்டு போய் யாரிடமாவது கொடுத்துச் செய்துகொள்வார்கள். அவன் மின்சார உளியோடு வருவான், மெட்டெல்லாம் பிடுங்கிப் புதுசு வைப்பான், குடத்துக்கு வார்னிஷ் அடிப்பான்.

வேறு ஒன்று தோன்றியது. அதை நாளை யோசிக்க வேண்டும்.

செப். 25, வியாழன்

யோசித்தாயிற்று. எழுதவே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, யாரும் படிக்கப் போவதில்லை என்றாலும்.

மெட்டு நிற்பது மெழுகில். தேன்மெழுகில் குங்கிலியத்தூளைப் போட்டு உருக்கி, விளக்குக்கரி கலந்து, தண்டியின் இரண்டு ஓரத்திலும் வரப்புபோல் கட்டி, அதில் பித்தளை மெட்டுகளைச் சுருதி பார்த்துப் பதிப்பது. குங்கிலியம் எவ்வளவு என்பதில்தான் விஷயம். கீழே வெயிலில் இருக்கப்போகிற வீணைக்கு நிறையப் போட வேண்டும், இல்லாவிட்டால் சித்திரை மாதம் மெழுகு இளகி மெட்டெல்லாம் சரிந்துவிடும். மலைக் குளிருக்குக் குறைவாகப் போட வேண்டும். அதிகம் போனால் மெழுகு கண்ணாடிபோல் இறுகி, தந்தியை அழுத்திப் பக்கவாட்டில் இழுத்தால் வெடிக்கும். அப்பா கடைக்கு யார் வந்தாலும் முதல் கேள்வி, "எந்த ஊருக்குப் போவுதுங்க?"

ஆக, மலை மெழுகு போட்டுக் கட்டிக் கொடுத்துவிட்டால் போதும். இங்கே நான் வாசிக்கும்போது அருமையாக இருக்கும். கீழே அந்தம்மா வீட்டில் கொஞ்ச மாதம் இருக்கும். கோடை வந்ததும் ஒவ்வொரு மெட்டாகப் படுக்கும். யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. நினைக்க நினைக்க இனிப்பாக இருந்தது. வெகுநாளாக இப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

இரண்டு டின்னில் இரண்டையும் காய்ச்சினேன். குங்கிலியம் பேளுக்குறிச்சி சந்தையில் வாங்கி வரச் சொல்லியிருந்தேன், இவரே வாங்கி வந்தார். சின்னப்பொண்ணு எட்டிப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணாட்டந்தான இருக்குதுங்க அக்கா?"

இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு ஓட்டுத்துண்டில் விட்டு, ஒன்றை அடுப்போரம், ஒன்றை வெளியே மூட்டத்தில் என்று மாற்றி மாற்றி வைத்துக் காட்டினேன். அடுப்போரத்தில் மலை மெழுகில் கட்டைவிரல் புதைந்தது. மூட்டத்தில் வெயில் மெழுகைத் தட்டினாள், விண்டுபோனது.

"அப்ப இங்க இருக்கறதுன்னா இது, போறதுன்னா அது" என்றாள். "நம்முளுது எதுங்க?"

டின்களை மூடி வைத்தேன். அவளுக்கு இன்னும் தெரியாது.

செப். 28, ஞாயிறு

மேளம் கட்டி முடித்தேன். மெட்டு பதித்துச் சுருதிக்கு நிறுத்துவதற்கு அப்படித்தான் பேர். கண் எரிச்சல், கழுத்து வலி, கட்டைவிரலில் மெழுகுச் சூடு. ஆட்கள் இல்லாத நாளாகப் பார்த்து உட்கார்ந்தேன். தந்தி தஞ்சாவூரிலிருந்து பஸ் பார்சலில் வந்தது. குடுக்கையும் மாட்டியாயிற்று.

காது மறக்கவில்லை. அதில் மட்டும் ஒரு திருப்தி. பஞ்சமம் நின்றதும் மயிர்க்கூச்செறிந்தது.

எந்த மெழுகு என்று எழுத வேண்டும்.

வெயில் மெழுகு.

மலை டின்னைத்தான் அடுப்பில் வைத்தேன். இளகியும் விட்டது. கரண்டியை விடும்போது கை வரவில்லை. நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம், எனக்கு அந்த மேடத்தின்மேல் ஒரு இரக்கமும் இல்லை. இவர்மேலும் இல்லை. ஆனால் மெட்டு சரிந்து மானம் கெடப்போவது வீணைக்கு. பரணில் கிடந்தது, பொட்டு வாங்கியது, எலி தின்றது எல்லாம் அது. அதற்கும் எனக்கும் என்ன பகை? எந்த ஊருக்குப் போகிறது என்று தெரிந்துகொண்டே தப்பான மெழுகு கட்ட என்னால் முடியவில்லை. திட்டிக்கொண்டேதான் டின்னை மாற்றினேன். கேவலமாகத் திட்டினேன், அப்பாவையும் சேர்த்து.

பழிவாங்கக்கூடத் துப்பில்லை எனக்கு.

விஜயதசமியன்று இந்தக் குளிரில் நான் வாசிக்கும்போது மட்டும் தந்தியை இழுக்காமல் வாசிக்க வேண்டும். இழுக்காமல் வாசிப்பது என்றால் உப்பில்லாமல் சமைப்பது. பரவாயில்லை.

அக். 1, புதன்

சரஸ்வதி பூஜை. காலையில் ஜீப்புக்குக் குளியல், மருந்து மிஷினுக்குக் குளியல், மோட்டாருக்குத் துடைப்பு. பொரி, கடலை, வாழைப்பழம், அவல். தேங்காய் அழுகல், இன்னொன்று உடைத்தோம்.

வீணையை நடுவில் வைத்தார் இவர். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். "பரவால்ல புள்ள, நல்லாத்தான் பண்ணியிருக்க" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். அந்தக் குரலுக்கு ஒருகாலத்தில் நான் உருகியிருக்கிறேன்.

குங்குமத்தோடு குனிந்தார்.

"வேண்டாங்க. பழசு ஒண்ணு விட்டு வெச்சிருக்கறன், அது போதும்."

"புதுசு வெக்காம எப்படி? நாளைக்குப் போற எடத்துல நல்லா இருக்கோணுமல்ல." வைத்துவிட்டார். துடைத்த இடம் பார்த்துச் சரியாக இரண்டு.

சின்னப்பொண்ணுக்கு இன்றுதான் தெரிந்தது, பொரி வாங்கிப் போக வந்தபோது.

"எங்கூட்டுக் குடுக்கையும் போவுதுங்களா?"

"ஆமா சின்னப்பொண்ணு."

"குடுக்க போனாப் போவுதுங்க. வெத நட்டா அடுத்த வருசம் காய்க்கும். உங்களுதுதான்..." என்று நிறுத்திவிட்டுப் பொரிப் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டாள்.

அக். 2, வியாழன்

வெளியே கை நீட்டினால் கை தெரியாத மூட்டம். தண்ணீர் கடித்தது. தலைக்குக் குளித்து, ஈரக்கூந்தலோடு உட்கார்ந்தேன். இவர் ஜீப்பைத் திருப்பி நிறுத்திவிட்டு, வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றார்.

"சுருக்கா முடி புள்ள. நல்ல நேரத்துக்குள்ள கெளம்போணும்."

மடியில் வைத்தேன். குடம் தொடையில் பட்ட குளிர், அது அப்படியே பழைய குளிர். மீட்டினேன். குரல் வந்தது. கொஞ்சம் புகை அடைத்த தொண்டை, ஆனால் அதே குரல்தான். அழுகை வந்தது. துடைக்கக் கை இல்லை, ஓடட்டும் என்று விட்டேன்.

வேறெதுவும் நினைவு வரவில்லை, சரளி வரிசைதான் வந்தது. ச ரி க ம. விரல் நுனியில் தந்தி அறுத்தது. பாத்திரம் தேய்த்துக் காய்த்த கை, ஆனால் காய்ப்பு வேறு இடத்தில். இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. நேராக, இழுக்காமல், முதல் பாடம் படிக்கிற பிள்ளை மாதிரி. வாசலில் இவர் வாட்ச் பார்ப்பது கடைக்கண்ணில் தெரிந்தது.

காந்தாரத்தில் ஒருமுறை இழுத்துவிட்டேன். தெரிந்தேதான். இழுக்காமல் இருக்க முடியவில்லை, அது அப்படி ஒரு இடம்.

டக்.

மெழுகு வெடித்து, காந்தாரம் பேசும் நாலாவது மெட்டு எகிறி என் மடியில் விழுந்தது. மேற்கொண்டு மீட்டினால் ச, ரி, அடுத்தது மத்திமம்தான்.

கம்பியைக் காய்ச்சி வைத்தால் மெட்டு மறுபடி பதிந்துவிடும். பெரிய வேலை இல்லை. சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. எழுந்து போகவில்லை. மெட்டை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"ஆச்சா?"

"ஆச்சுங்க."

போர்வையில் சுற்றி ஜீப்பில் வைத்தார். எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்டார், கவனமாகத்தான் வைத்தார். எதையும் எண்ணிப் பார்க்கவில்லை. எழுபது வளைவும் மெதுவாக இறங்குங்கள் என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை. ஜீப் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் மூட்டத்துக்குள் கேட்டது.

பிறகு காட்டேஜ் போர்வை நனைத்தேன். சமையல்: பூசணிக்காய்க் கூட்டு. சாப்பிடவில்லை.

அக். 5, ஞாயிறு

மழை. கொட்டாயில் அதே இடத்தில் ஒழுக்கு, தகரம் இன்னும் போடவில்லை.

இவர் ரொம்ப சந்தோஷம். கோப்பு எழுந்துவிட்டதாம். மேடம் வீட்டுப் போட்டோ இன்று போனில் வந்திருக்கிறது, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாரு, எப்படி வெச்சிருக்காங்கன்னு. ஏசி ஹாலு. கண்ணாடிப் பொட்டி. உள்ளார லைட்டு வேற."

"அவங்க வாசிச்சாங்களா?"

"சின்ன வயசுல கத்துக்கிட்டாங்களாம். இப்பெல்லாம் டைம் இல்லியாம். பாக்கவே நெறவா இருக்குதுன்னு சொன்னாங்க."

வெயிலும் இல்லை, மூட்டமும் இல்லை. நான் போட்ட குங்கிலியம் அத்தனையும் வீண். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். மேடம் பட்டுச் சேலையில் பக்கத்தில் நின்று சிரிக்கிறார். குங்குமப் பொட்டு மூன்றும் இருக்கின்றன. நாலாவது மெட்டு இருந்த இடம் பொக்கைப் பல்லாட்டம் பளிச்சென்று தெரிகிறது. அத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. இவர் அந்த விளக்கைத்தான் காட்டிக்கொண்டிருந்தார்.

மலை மெழுகு டின் அப்படியே இருந்தது. அடுப்பில் வைத்து இளக்கி, சமையலறை ஜன்னல் கட்டையில் இரண்டு வரப்பு கட்டி, அந்த ஒற்றை மெட்டைப் பதித்தேன். ஆறினதும் ஆட்டிப் பார்த்தேன். இழுத்தும் பார்த்தேன். அசையவில்லை.

சாயங்காலம் தண்ணீர் குடிக்க வந்த இவர் பார்த்தார்.

"இதென்ன புள்ள, கரண்டி மாட்டறதுக்கா?"

ஆமாங்க என்றேன்.